கணுக்காலுக்கு ஒரு விளக்கு

பிலிப்புவின் வாய் கொஞ்சம் சும்மா இருந்திருந்தால் இந்த அத்தியாயத்துக்கே வேலை இருந்திருக்காது.

போன வாரத்தைத் தவறவிட்டவர்களுக்காக நாலு வரி. நமுனுகுல மலையடிவாரத் தோட்டமொன்றின் கீழ் டிவிசனில் பிலிப்பு, றோசாலி தம்பதிக்கு ஒரே மகள் நிலக்ஷனா. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். அவளுக்கும் பதுளை டவுனில் வங்கியில் வேலை பார்க்கும் சஜீவனுக்கும் சம்பந்தம் பேசி முடிந்தது. மாப்பிள்ளையின் அம்மா பிலோமினா, காலமான போஸ்ட் மாஸ்டரின் மனைவி. போன வருஷம் டெங்கு வந்து பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தவர். பொழுது சாய்கிற நேரத்தில் தோட்டத்து வெட்டவெளியில் உட்கார அவருக்குப் பயம். நிச்சயத்தைப் பதுளையில் ஒரு ஹோலில் வைத்துக்கொள்வோம், பெண் வீட்டுப் பக்கம் முப்பது பேர் வந்தால் போதும் என்று போனில் சொல்லிவிட்டார்.

முப்பது பேரோடு றோசாலி எப்படி நிறுத்துவாள்? கீழ் டிவிசனில் இரண்டு லயம், நீள வரிசையாக ஒட்டிக் கட்டிய இருபத்து நான்கு காம்பரா வீடு, நூறு பேருக்கு மேல் சனம். றோசாலி மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டு நிற்கும்போது நிலக்ஷனாவுக்குக் காய்ச்சல் என்றால் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் அவர்கள். அவளுடைய பரீட்சை மாதத்தில் இரண்டு லயத்திலும் ஒரு ரேடியோ பாடியதில்லை. பள்ளிக்கூடம் முடித்துப் பல்கலைக்கழகம் போன முதல் பிள்ளை அவள்தான் என்று இன்றைக்கும் புதிதாக வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்வார்கள். அந்தச் சனத்தில் முப்பது பேரைப் பொறுக்கி எடு என்றால் எந்தத் தாய்க்குத்தான் மனசு வரும்?

றோசாலி பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே பிலிப்பு போனைப் பிடுங்கிவிட்டார்.

"எங்க லயத்து வாசல்ல ஒரே ஒரு கொசு ஒங்களக் கடிச்சிருச்சுன்னா, அந்த நிமிசமே எல்லாத்தையும் நிப்பாட்டிட்டு நீங்க சொல்ற ஹோலுக்கே வந்துர்றேங்க. நிச்சயமும் அங்க, கல்யாணமும் அங்க."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. லயமே கேட்டது. சொன்ன சொல்லை மாற்றுகிற ஆளும் அல்ல பிலிப்பு. அதுதான் தொல்லை.

இன்றைக்குச் சனிக்கிழமை. மாலை ஐந்து மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள்.

பிலிப்பு தேயிலை ஃபெக்டரியில் காய வைக்கிற அடுப்புக்கு இருபத்தொன்பது வருஷமாகத் தீ போடுகிறவர். ஆவி என்றால் என்ன, அது எங்கே போகும், எப்படித் திரும்பி வரும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஐந்தாம் நம்பர் மலையில் கிழட்டுத் தேயிலையைப் பிடுங்கிவிட்டு, மறுபடி கன்று வைக்கும்வரை மண் தேறட்டும் என்று மானாப் புல் நட்டிருக்கிறார்கள். ஆள் உயரத்துக்கு வளர்ந்து நிற்கிறது. இலையை ஒடித்தால் எலுமிச்சை மாதிரி மணக்கும். அந்த மணம் கொசுவுக்கு ஆகாது. தோட்டத்துப் பெரிய தொரையிடம் கேட்டு, வெட்டிப்போட்ட புல்லைச் சுமந்து வந்து, லயத்துச் சனம் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் ஒரு பழைய பீப்பாயையும் செம்புக் குழாயையும் வைத்து எண்ணெய் வடித்தார். கசிப்புச் சாராயம் காய்ச்சுகிறார் என்று எந்தப் புண்ணியவானோ போட்டுக்கொடுக்க, போலீஸ் வந்து மூடியைத் திறந்து மோந்து பார்த்து, ஆறு தும்மல் தும்மிவிட்டுத் திரும்பிப் போனதும் போன வாரத்துக் கதைதான்.

இரண்டு வாரத்தில் ஒன்றரைப் போத்தல் எண்ணெய் தேறியது. வீரியம் பார்க்கிறேன் என்று அதை அப்படியே கையில் பூசிக்கொண்டு தோல் எரிந்து ஒரு நாள் முழுக்க ஊதிக்கொண்டு திரிந்தார் பிலிப்பு. தேங்காயெண்ணெயில் அளவாகக் கலந்துதான் தோலில் பூச வேண்டும் என்று மகள் முதல் நாளே சொல்லியிருந்தாள். யார் கேட்டது?

காலையில் நிலக்ஷனா கல்யாணப் பெண் மாதிரியா இருந்தாள்? தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு இரண்டு லயத்தையும் சுற்றி வந்தாள். கூரைப் பீலியில் தேங்கிய தண்ணீர், தயிர்ச் சட்டி, பழைய டயர், மாதா சொரூபத்துக்கு முன்னால் இருக்கும் பூச்சாடி, எதையும் விடவில்லை. கவிழ்த்தாள், கொட்டினாள், தேய்த்துக் கழுவச் சொன்னாள். போன வாரமும் சுற்றினாள், அதற்கு முந்தின வாரமும் சுற்றினாள். எண்ணெயும் விளக்கும் கடைசி வேலை, கொசு பிறக்கிற இடத்தை ஒழிப்பதுதான் முதல் வேலை என்று பக்கத்துக் காம்பரா விஜயலெட்சுமிக்கும் மற்றவர்களுக்கும் வகுப்பே எடுத்துவிட்டாள்.

சுற்றி முடித்து வாசலுக்கு வந்தவள் அண்ணாந்து பார்த்து நின்றுவிட்டாள்.

இரண்டு லயத்துக்கும் நடுவில், பெரிய மூங்கில்களை நட்டு, கம்பி இழுத்து, அறுபது ஜாம் போத்தல் விளக்குகளை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார் பிலிப்பு. தேங்காயெண்ணெயும் மானா எண்ணெயும் கலந்து ஊற்றி, திரி போட்டு, தயார். கோயில் திருநாளுக்கே இத்தனை விளக்கு ஏறியதில்லை. பசறை ரோட்டில் போகிற பஸ்ஸிலிருந்து பார்த்தால்கூடத் தெரியும் என்று அவரே ரோடுவரை நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

அழகுதான், யார் இல்லையென்றது? ஆனால் விளக்குகள் தலைக்கு மேலே, எட்டடி உயரத்தில் இருந்தன. பொழுது சாய்கிற நேரத்துக் கொசு கதிரைக்கு அடியில் பறந்து வந்து காலைத்தான் கடிக்கும் என்று நிலக்ஷனா பொறுமையாகச் சொன்னாள். இந்த மணம் கொசுவைக் கொல்லாது, நம்முடைய வாடை அதற்குத் தெரியாமல் மறைக்கும், அவ்வளவுதான், அதுவும் பக்கத்தில் இருந்தால்தான், காற்று வேறு அடிக்கிறது என்றாள்.

"அப்பா, எல்லாத்தையும் கீழ எறக்கி, கதிரைக்குப் பக்கத்துல தரையில வைங்கப்பா."

பிலிப்புவின் முகம் மாறிவிட்டது.

"தரையிலயா? இது என்ன கல்லறைத் திருநாளா?"

கீழ் டிவிசனில் வேதக்காரக் குடும்பங்கள் விளக்கைத் தரையில் வைப்பது வருஷத்தில் ஒரே நாள்தான். நவம்பர் இரண்டாம் திகதி, மலைச் சரிவில் இருக்கும் சவக்காலையில், செத்துப்போனவர்களின் தலைமாட்டில். மற்ற நாளில் விளக்கு மேலே இருக்க வேண்டும். பெண்ணுக்கு மோதிரம் போடுகிற நாளில் அவள் காலடியில் விளக்கை வைக்க எந்தத் தகப்பனுக்குக் கை வரும்? றோசாலிகூட அப்போது புருஷன் பக்கம்தான் நின்றாள். அப்படியே இருக்கட்டும் பாப்பா, அப்பா மனசு கஷ்டப்படும் என்றாள்.

விஞ்ஞானம் படிப்பிக்கிற டீச்சர் வாயை மூடிக்கொண்டு தலைக்குக் குளிக்கப் போனாள்.

ஐந்தே காலுக்கு வேன் வந்தது. நூறு பேரும் வெளுத்த துணி உடுத்தி வாசலில் நின்றார்கள். பிலோமினா இறங்கினார். வெளிர்நீலச் சாரி, காலில் தோல் செருப்பு, கையில் பெரிய ஹேண்ட்பேக். அண்ணாந்து, ஏற்றி வைத்திருந்த விளக்குகளைப் பார்த்தார். நல்லா இருக்கு என்று ஒரு வார்த்தை சொன்னார். பிலிப்பு அரை அடி உயர்ந்துவிட்டார்.

முன்வரிசையில் நடுக் கதிரையில் பிலோமினாவை உட்கார வைத்தார்கள். இந்தப் பக்கம் சஜீவன், அந்தப் பக்கம் அவருடைய நாத்தனார், பின்னால் டவுன் உறவுகள். ஃபாதர் ஜெபம் தொடங்கினார். றோசாலி கும்பிட்ட கையோடு ஒரு கண்ணைத் திறந்து சம்பந்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த அசைவும் இல்லை. மானா மணம் மேலே எங்கேயோ மிதந்தது. மலையிலிருந்து ஒரு காற்று இறங்கி, அந்த மணத்தையும் வாரிக்கொண்டு ரோட்டுப் பக்கம் போயிற்று.

ஜெபம் முடிகிற நேரம். எல்லோரும் 'ஆமென்' என்று சொன்னார்கள்.

பட்.

பிலோமினா குனிந்து தன் கணுக்காலில் அடித்த அடி, அமைதியான வாசலில் அத்தனை பேருக்கும் கேட்டது.

நாத்தனார் வெடுக்கென்று எழுந்து காலைத் தூக்கிக்கொண்டார். நான் அப்பவே சொன்னேன் என்று பின்னாலிருந்து யாரோ முணுமுணுத்தார்கள். பிலிப்பு நின்ற இடத்தில் அப்படியே நின்றார். இருபத்தொன்பது வருஷம் அடுப்பு அனலில் சிவக்காத முகம் சிவந்துபோனது. சொன்ன சொல் எல்லோருக்கும் தெரியும்.

றோசாலிக்கு அந்த நிமிஷம் வந்தது அழுகை இல்லை, கோபம். தன் மேலேயே கோபம். காலையில் பிள்ளை படித்துப் படித்துச் சொன்னாளே, அவளைப் படிக்க வைத்தது எதற்கு, சொல்வதைக் கேட்காமல் இருக்கவா? றோசாலி சாரி முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். மலையில் கொழுந்து எடுக்கத் தன் நிரையை, தேயிலை வரிசையைப் பிடிக்கப் போகிறவள் மாதிரி நேராக மூங்கிலடிக்குப் போனாள்.

"எறக்குங்க. எல்லாத்தையும் எறக்குங்க."

பிலிப்பு ஓடி வந்து அவள் கையைப் பிடித்தார். "வேணாம் றோசாலி. பொண்ணு காலடியில கல்லறை மாதிரி வைக்கப்போறியா?"

றோசாலி கையை உதறவில்லை. அவர் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"அங்க படுத்திருக்கவங்களும் நம்ம ஆளுங்கதானே. இந்தத் தோட்டத்த உண்டாக்கினவங்க. அவங்களும் வந்து பாக்கட்டும், நம்ம புள்ளைக்கு மோதிரம் போடுறத."

பிலிப்புவின் பிடி தளர்ந்தது. விஜயலெட்சுமிதான் முதலில் வந்தாள். அவளுக்குப் பின்னால் அவளுடைய நிரைக்காரிகள், கொழுந்துப் பெண்கள், முப்பது முப்பத்தைந்து பேர். பட்டுச் சாரியோடு பெஞ்சில் ஏறிக் கம்பியை இறக்கினார்கள். கொழுந்து கிள்ளிப் பழகிய விரல்கள், முடிச்சை அவிழ்க்க எத்தனை நேரம் ஆகும்? ஒரு போத்தலும் உடையவில்லை, ஒரு திரியும் அணையவில்லை. மணப்பெண் எழுந்து வந்து, காற்று வரும் திசையைக் கைக்குட்டையால் பார்த்து, மலைப் பக்கமாக இரண்டு வரிசை, கதிரைகளுக்கு நடுவில் ஆளுக்கொன்று என்று இடம் காட்டினாள். புது சூட்டோடு மண்டி போட்டு விளக்கு வைத்துக்கொண்டிருந்த ஆளை யாரென்று பார்த்தால், சஜீவன்.

ஐந்து நிமிஷத்தில் மணம் இறங்கி வந்து வாசலை நிறைத்தது. அறுபது விளக்கும் மண்ணில் எரிந்தன. நான் பார்த்த அத்தனை நிச்சயத்திலும் அப்படியொரு அழகை நான் பார்த்ததில்லை, சத்தியம்.

ஆனால் கடித்தது கடித்ததுதானே?

றோசாலி தன் காம்பராவுக்குள் போய் ஒரு சின்னப் போத்தலோடு வந்தாள். மலைக்குப் போகும் பெண்கள் இடுப்புச் சாக்கில் செருகி வைத்திருக்கும் எண்ணெய். விடிய பேர் பதிகிற பெரட்டுக்குப் போகுமுன் அட்டை கடிக்காமலிருக்கக் காலில் பூசிக்கொள்வார்கள். இப்போது அதிலும் மானா எண்ணெய் கலந்திருந்தது. டவுன் அம்மாவின் முன்னால் நீட்டும்போது அவளுக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

"இத ரெண்டு சொட்டு கால்ல தடவிக்கிட்டீங்கன்னா ஒரு மணி நேரத்துக்கு ஒண்ணும் அண்டாதுங்க. தாங்க, நானே பூசி விடுறேன்."

குனியப் போன றோசாலியைப் பிலோமினா தடுத்தார். போத்தலை வாங்கி மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். மறுபடியும் மோந்தார். பிறகு செருப்பைக் கழற்றினார்.

உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றி, இரண்டு கையாலும் முழங்காலுக்குக் கீழே சுற்றிப் பிடித்து, ஒரே இழுவையாகக் கணுக்கால்வரை இழுத்தார். விரல் இடுக்குகளில் ஒவ்வொன்றாகத் தேய்த்தார். குதிகாலில் இரண்டு தட்டு. மிச்ச எண்ணெயை வீணாக்காமல் பிடரியில் துடைத்துக்கொண்டார், மேலேயிருந்து விழுகிற அட்டைக்கு.

டவுனில் பிறந்தவர்கள் எண்ணெயைக் காலில் பூசுவார்கள். பிடரியில் எதற்குப் பூச வேண்டும்? கொழுந்துப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். விஜயலெட்சுமி வாயைத் திறந்தாள். றோசாலி கண்ணால் ஒரு அதட்டுப் போட்டாள், மூடிக்கொண்டாள்.

பிலிப்பு எதையும் கவனிக்கவில்லை பாவம். தலையைக் குனிந்தபடி முன்னால் வந்து நின்றார். "கொசு கடிச்சிருச்சுங்க. நான் சொன்னது சொன்னதுதான். ஹோலுக்கே வாறோம், நாளச் சொல்லுங்க" என்றார்.

பிலோமினா போத்தலை மூடினார்.

"கொசுன்னு யார் சொன்னா? என்னக் கடிச்சது அட்டை. அட்டையப் பத்தி நமக்குள்ள ஒரு பேச்சும் இல்லையே."

பெருக்கித் தெளித்த வாசலில் அட்டை எங்கேயிருந்து வந்தது? அட்டையை யாராவது பட்டென்று அடிப்பார்களா? அங்கிருந்த நூறு பேரும் பிறந்ததிலிருந்து அட்டைக் கடி வாங்கியவர்கள். அப்படியிருந்தும், அட்டைதான், அட்டைதான், மழைக்காலம் பாருங்க என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அதற்குப் பிறகு சிரிப்பு கிளம்பி இரண்டு லயத்தையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. நாத்தனாருக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை.

"மோதிரத்த எடு தம்பி" என்றார் பிலோமினா.

சஜீவன் மோதிரம் போட்டான். நூறு பேர் கை தட்டியதில் பீலிக்கரை மரத்துக் குருவியெல்லாம் எழும்பிப் பறந்தன. பிலிப்பு அழுதார். தகப்பன்மார் அழுவதற்கு ஏதாவது காரணம் சொல்ல வேண்டுமே, விளக்குப் புகை என்றார். என் மக சொன்ன இடத்தில் விளக்கை வைத்தேன், எப்படி நிக்குது பார்த்தீங்களா என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். காலையில் என்ன சொன்னார் என்பதை நானும் ஞாபகப்படுத்தப் போவதில்லை.

ஆறரைக்குச் சாப்பாடு முடிந்து வேன் புறப்படத் தயாரானது. பிலோமினா ஏறவில்லை. மலைப் பக்க வரிசையில் கடைசி விளக்கின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். றோசாலி பக்கத்தில் போய் நின்றாள். கேட்கலாமா வேண்டாமா என்று பார்த்துவிட்டு, மெதுவாகத்தான் கேட்டாள்.

"எந்தத் தோட்டம் அக்கா?"

போஸ்ட் மாஸ்டரம்மா என்று மாலை முழுக்க மரியாதையாகக் கூப்பிட்டவள், அக்கா என்றது அப்போதுதான்.

பிலோமினா திரும்பவில்லை. கொஸ்லந்தைப் பக்கம் என்றார். இருபத்தெட்டு வருஷமாக அந்த ரோட்டில் பஸ்கூட ஏறியதில்லையாம். கல்யாணமாகி டவுனுக்கு வந்ததும் புருஷன் வீட்டில் லயம் என்ற பேச்சையே எடுக்கக்கூடாது என்றார்களாம். எடுக்காமலே இருந்து பழகிப்போயிற்றாம்.

"இந்த வெளக்க நான் கொண்டு போகட்டுமா றோசாலி? எங்கம்மா தலைமாட்டுல ஒரு வெளக்கு வைக்கணும். மலையில மொத நெர எப்பவும் அவளுக்குத்தான் குடுப்பாங்க. அவ்வளவு கெட்டிக்காரி."

அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவர் தோள் நிமிர்ந்ததை றோசாலி பார்த்தாள். இரண்டு பேரும் குனிந்து ஆளுக்கொரு கையாக விளக்கை எடுத்தார்கள். நிமிர்ந்தால், எதிரே சஜீவன் நிற்கிறான். அம்மாவைக் கூப்பிட வந்தவன் எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை.

"பாட்டி கண்டியில பங்களா வீட்டுல இருந்து செத்துப்போனாங்கன்னுதானேம்மா சொன்னீங்க?"

பிலோமினா மகனை நேராகப் பார்த்தார். விளக்கு அவர் கையில் ஆடாமல் எரிந்தது.

"லயத்துலதான் இருந்தா. நானும் லயத்துலதான் பொறந்தேன். நாளைக்கு அங்க போறோம், வேன் சொல்லு." கொஞ்சம் நிறுத்தி, மிச்சத்தையும் சொன்னார். "ஒங்க பெரியம்மா இன்னும் அதே காம்பராவுலதான் இருக்கா. இப்பவும் கொழுந்து எடுக்கிறா. என்னைய உள்ள வான்னு சொல்லுவாளான்னுதான் தெரியல."

றோசாலி அந்தச் சின்ன எண்ணெய்ப் போத்தலைப் பிலோமினாவின் ஹேண்ட்பேக்கைத் திறந்து உள்ளே வைத்தாள்.

"விடிய அஞ்சு மணிக்கு இந்த வழியா வாங்க. நானும் வாறேன்" என்றாள்.